செங்கல் புகைபோக்கி: சாந்து ஏன் மென்மையாக இருக்க வேண்டும்?

குளிர்ப் பிரதேசத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் முதலில் சிதைவது கூரைக்கு மேலே நிற்கும் செங்கல் புகைபோக்கிதான். வீட்டுச் சுவருக்கு ஒரு பக்கம்தான் மழை. புகைபோக்கிக்கு நாலு பக்கமும் மழை, உச்சியிலும் மழை. போதாததற்கு, உள்ளே ஈரமும் அமிலமும் கலந்த சூடான புகை.

செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவை மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். துளை நிறைய நீர் இருந்தால், பருப்பதற்கு இடமில்லாமல் செங்கல்லையே பிளக்கும். இரவில் உறைவதும் பகலில் உருகுவதுமாக ஒரு குளிர்காலம் போனாலே, நனைந்த செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரத் தொடங்கிவிடும். பழைய செங்கற்களில் சூளையில் நன்றாக வெந்த மேல்தோல்தான் கெட்டி. அது போய்விட்டால் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி இன்னும் வேகமாக நீரைக் குடிக்கும்.

இந்தக் கேட்டைப் பல நேரம் தூண்டிவிடுவது பழுதுபார்ப்பே என்பதுதான் வருத்தமான விஷயம். இன்று நாம் சிமெண்ட் என்று சொல்லும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார் காப்புரிமை பெற்றது 1824-இல். அதற்கு முந்தைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. பிறகும் நெடுங்காலம் சுண்ணாம்பே புழங்கியது. அந்தச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தை எளிதில் வெளியே விடும். சுவர் சற்று அசைந்தாலும் விட்டுக்கொடுக்கும். சேதம் வந்தால் சாந்து உதிரும், செங்கல் தப்பும். செங்கற்களுக்கு இடையிலுள்ள அதே இடுக்கில் கெட்டியான சிமெண்ட் கலவையை அடைத்தால் எல்லாம் தலைகீழ். ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் செங்கல் வழியே போகும், உறைபனி அங்கேயே வேலையைக் காட்டும். சாந்தைப் புதுப்பிக்கலாம், உடைந்த செங்கல்லை அப்படிச் செய்ய முடியாது. சிமெண்ட்தான் உறுதி என்று நினைத்துப் பழைய செங்கல்லைப் பலிகொடுக்காதீர்கள்.

சிமெண்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நிலக்கரிப் புகையிலிருந்து வரும் சல்பேட் உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து சிமெண்டிலுள்ள அலுமினேட் என்ற சேர்மத்தைத் தாக்கி, பருத்த படிகங்களை உண்டாக்கும். அதிகம் நனையும் பக்கத்துச் சாந்து இப்படி உப்பிக்கொண்டே போக, புகைபோக்கி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

சரி, எப்படிச் சரிசெய்வது? கொத்தனார்கள் பாயிண்டிங் என்று சொல்லும் வேலை இது. பழைய சாந்தை இடுக்கின் அகலத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். இடுக்கு 10 மில்லிமீட்டர் என்றால் 20 முதல் 25 மில்லிமீட்டர். மேலோட்டமாகப் பூசினால் அப்பளம்போல் உரிந்து வந்துவிடும். சுற்றும் வெட்டுக்கருவி செங்கல் விளிம்பைக் கடித்துவிடுவதால் உளியும் சுத்தியுமே நல்லது. தூசியில் சிலிக்கா இருக்கும், முகமூடி இல்லாமல் தொடவே கூடாது. இடுக்கைத் துடைத்து நன்றாக நனைத்த பிறகு, மணலும் சுண்ணாம்பும் கலந்து, நீர் அதிகமில்லாமல் பிசைந்த கலவையை உள்ளே அழுத்தித் திணிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்லக் கல்லாக மாறும். அதற்கு ஈரம் தேவை என்பதால் நனைத்த சாக்கைச் சில நாள் போர்த்தி வைப்பார்கள். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் நாட்களில் இந்த வேலையே வேண்டாம்.

ஆனால் மழை உள்ளே இறங்கும் வழியை விட்டுவிட்டு இடுக்கை மட்டும் அடைப்பதில் பயனில்லை. உச்சி மூடி சரிவாக, சுவரைத் தாண்டி வெளியே நீண்டு, அடியில் சொட்டுக்காடியோடு (மழைநீர் சுவரில் வழியாமல் சொட்டி விழச் செய்யும் பள்ளக்கோடு) இருக்க வேண்டும். கூரையும் புகைபோக்கியும் சேரும் இடத்து ஈயத் தகடு பிரிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். வெளியே நீர் விலக்கும் பூச்சு பூசுவதானால் நீராவியை வெளியே விடும் சிலேன் அல்லது சிலாக்சேன் வகையே சரி. படலமாய் மூடும் பெயிண்ட் ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும்.

அப்புறம் உட்குழாய். அதன் களிமண் ஓடு வெடித்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளிப்புறம் எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே கேமராவை இறக்கிப் பார்க்காமல் மறுபடி நெருப்பு மூட்டக் கூடாது.