கியரில் இருந்தாலும் வண்டி உருளும்: டிரான்ஸ்ஃபர் கேஸில் கை வைக்கும் முன்

இந்த மாதமும் ஒரு பிக்கப் வண்டி கட்டி இழுக்கப்பட்டுப் பட்டறைக்கு வந்தது. அதன் உரிமையாளர், எஞ்சினின் விசையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாமே இறக்கிச் சரிசெய்ய முயன்றிருக்கிறார். அதிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான பின் புரொப்பல்லர் ஷாஃப்டின் கடைசி போல்ட் கழன்றதும் வண்டி மெல்ல உருண்டு, கேஸுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கி சாய்ந்து, அலுமினிய உறையில் விரலளவு விரிசல் விழுந்திருக்கிறது. சக்கரம் உருளும் பாதைக்கு அவர் வெளியே படுத்திருந்ததால் தோளில் சிராய்ப்போடு தப்பினார். “முதல் கியரில்தான் போட்டிருந்தேன், எப்படி நகர்ந்தது என்றே தெரியவில்லை” என்றார். இதே சொற்களை வேறு பலர் வாயிலாகவும் கேட்டுச் சலித்துவிட்ட காரணத்தால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியை கியரில் நிறுத்தும்போது அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். எஞ்சினின் இறுக்கம் கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும், அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும், டிஃபரன்ஷியலுக்கும் (ஒரே ஆக்ஸிலின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி), கடைசியாகச் சக்கரத்துக்கும் போய்ச் சேர்கிறது. இவற்றுள் ஏதேனும் ஓர் இணைப்பு விடுபட்டால் கியரில் இருப்பதற்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. ஆட்டோமேட்டிக் வண்டியின் ‘பார்க்’ நிலையும் இப்படித்தான். அது கியர்பாக்ஸின் வெளியீட்டு ஷாஃப்டைத்தான் பூட்டுகிறதே தவிர, சக்கரத்தைப் பூட்டுவதில்லை. டூ ஹை (பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும்) நிலையில் பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டாலும் வண்டி உருளும், டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்தாலும் உருளும். எதையும் கழற்றாமல் பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினால்கூட, சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று தரையிலுள்ள சக்கரத்துக்கு வழிவிட்டுவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸையே இறக்கும் வேலையில் இரண்டு ஷாஃப்டுகளும் கழற்றப்படுவதால், முதல் கியரும் பார்க்கும் உங்களைக் காப்பாற்றவே முடியாது.

அப்படியானால் ஹேண்ட் பிரேக் போதுமே என்று அடுத்ததாகக் கேட்கிறார்கள். பெரும்பாலான பிக்கப்களில் அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது இருந்தும் பயனில்லை. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கின் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்திலேயே இருக்கிறது. அவற்றில் பின் ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே சரிவே இல்லாத கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. தாங்குவதற்கு எடைக்குத் தகுந்த ஸ்டாண்டுகளை சேஸியின் அடியில் வையுங்கள். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ எந்த எச்சரிக்கையும் தராமல் நொறுங்கும் என்பதால் அவற்றை அடியில் கொடுக்கவே கூடாது. தூக்காமலேயே அடியில் புகுந்து வேலை செய்ய இடம் இருந்தால் நான்கு சக்கரங்களும் தரையிலேயே இருக்கட்டும். உள்ளே புகும் முன் வண்டியைப் பக்கவாட்டிலிருந்து பலமாகத் தள்ளிப் பாருங்கள். தனியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்.

எடையையும் பலர் குறைத்தே எண்ணுகிறார்கள். அலுமினிய உறை கொண்ட நடுத்தர கேஸே 30 கிலோவைத் தாண்டும், என்பி205 போன்ற வார்ப்பிரும்பு கேஸ் 60 கிலோவுக்கும் மேல் இருக்கும். முன் ஷாஃப்டுக்கான பகுதி ஒரு பக்கமாக நீண்டிருப்பதால், கியர்பாக்ஸிலிருந்து பின்னோக்கி இழுத்து விடுவிக்கும் கணத்தில் கேஸ் சட்டென்று ஒரு பக்கம் சாயும். மார்பின் மேல் வாங்கி இறக்குவதை விட்டுவிட்டு, டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் பட்டை போட்டுக் கட்டி இறக்குங்கள். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்ற வேண்டியிருந்தால் கியர்பாக்ஸுக்கு முதலில் தனியாக முட்டுக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்து இறக்கிய கேஸ்களுள் பல உண்மையில் பழுதாகியே இருப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் ஹையில் (நான்கு சக்கரங்களும் இயங்கும் நிலையில்) வளைவில் திரும்பினால், முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால் பகுதி நேர நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டி இறுகி முரண்டு பிடிக்கும். அது அந்த அமைப்பின் இயல்பு. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போட்டிருந்தால் நேர்ச்சாலையிலும் அப்படித்தான் இருக்கும். ஃபோர் வீலில் விழவில்லை என்றால் லீவரின் புஷ் (மூட்டில் உள்ள தேயும் வளையம்), சுவிட்ச், ஷிஃப்ட் மோட்டார், முன் ஆக்ஸிலை இணைக்கும் ஆக்சுவேட்டர் ஆகிய வெளிப்புறப் பாகங்களை முதலில் பாருங்கள். பிறகு ஆயிலைக் கொஞ்சம் வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். கேஸில் உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது வழக்கமான தேய்மானம், செதில் செதிலாக உலோகம் வந்தால்தான் கேஸைத் திறக்கக் காரணம் இருக்கிறது. பாரமேறும்போது ‘டக் டக்’ என்று உள்ளே தாண்டும் சத்தம் பெரும்பாலும் நீண்டுவிட்ட செயினைக் காட்டும்.

திறந்தே ஆக வேண்டும் என்றால் பின்புறத்திலுள்ள சிறிய தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடலும் லோ கியர் விகிதமும் அதில்தான் இருக்கும், அது தெரியாமல் உதிரிப்பாகம் வாங்க முடியாது. ஷாஃப்ட் ஃபிளாஞ்சுகளை (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டுகளை) கழற்றும் முன் பெயிண்டால் குறியிடுங்கள். சர்க்ளிப்பை (பள்ளத்தில் உட்காரும் ஸ்பிரிங் வளையத்தை) ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல் உரிய பிளையரால் எடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். உறையின் இரு பாதிகளையும் உளியால் பிளக்காமல், நெம்புவதற்கென்று விட்டிருக்கும் பள்ளங்களில் மட்டும் நெம்புங்கள். பூசும் சீலன்ட் மெல்லிய கோடாக இருந்தால் போதும். கணக்கில்லாமல் பிதுக்கினால் அது உள்ளே உதிர்ந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும், நன்றாக இருந்த பேரிங்குகளும் வறண்டு எரியும். என்பி246 போன்ற சில மாடல்களில் பம்பின் காதே பின்பாதி உறையை உள்ளிருந்து அரித்து ஊசித் துளை போட்டுவிடும். வெளியே சொட்டுச் சொட்டாக ஆயில் கசிவதைப் பார்த்துவிட்டு சீல் மட்டும் மாற்றுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஆயில் விஷயத்தில் ஊகம் வேண்டாம். சில கேஸ்கள் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கேட்கும், சில கியர் ஆயில் கேட்கும், சிலவற்றுக்குத் தனி ஆயிலே உண்டு. வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. வடிக்கும் பிளக்கைத் திறப்பதற்கு முன் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஆயிலை வடித்த வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு பிளக்குகளையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான் இறுக்க வேண்டும், ஏனெனில் அலுமினிய மரை ஒரே இழுப்பில் போய்விடும்.

சோதித்துப் பார்க்கும் அவசரத்தில் இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கிவைத்து எஞ்சினை ஓட்டி ஃபோர் வீலில் போடாதீர்கள். தரையிலுள்ள சக்கரங்கள் பிடித்து இழுத்து வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். நான்கையும் தூக்கினாலும் சுழலும் ஷாஃப்டுக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது. ஆள் நடமாட்டமில்லாத மண் தரையில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி எல்லா நிலைகளிலும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, ஆறியபின் மீண்டும் கட்டை கொடுத்து, ஷாஃப்ட் போல்டுகளின் இறுக்கத்தையும் ஆயில் மட்டத்தையும் இன்னொரு முறை சரிபாருங்கள்.