பரோவைப் பேரூராட்சி ஆக்காதீர்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹெம்ஸ்பி என்றொரு கிராமம். கடல் மணல்மேட்டை அரித்து வீடுகளை விழுங்கிக்கொண்டிருக்கும் ஊர். அதைப் பற்றிய தமிழ்ச் செய்தி ஒன்றில் 'கிரேட் யார்மவுத் பேரூராட்சிக்கு உட்பட்ட ஹெம்ஸ்பி கிராமம்' என்று படித்ததும் மனம் வலித்தது. ஒரு பேரூராட்சிக்குள் எப்படித் தனித்தனிக் கிராமங்கள் இருக்கும் என்று வாசகர் குழம்ப மாட்டாரா? ஆங்கிலத்தில் உள்ளாட்சிப் பகுதியைக் குறிக்கும் 'பரோ' (borough) என்ற சொல்லைக் கண்டாலே யோசிக்காமல் பேரூராட்சி என்று எழுதுவது நம்மிடம் பழக்கமாகவே ஆகிவிட்டது.

சொல்லின் பிறப்பு எளிது. பழைய ஆங்கிலத்தில் 'பர்ஹ்' என்றால் அரண் சூழ்ந்த இடம். ஜெர்மன் 'புர்க்' அதன் உடன்பிறப்பு. ஹாம்பர்க், கேன்டர்பரி, ஸ்கார்பரோ ஆகிய ஊர்ப்பெயர்களின் வாலில் இருப்பதும் அதுதான். பிறகு, அரசரிடம் பட்டயம் பெற்றுத் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் ஊருக்கு அது பெயராயிற்று.

இந்த அரண் பொருளைப் பிடித்துக்கொண்டு 'எயிலூர்' என்று ஆக்கலாமே என்றார் நண்பர் ஒருவர். சங்கப் பாட்டில் வரும் எயிற்பட்டினம் நினைவுக்கு வர, எனக்கும் ஆசை வந்தது. ஆனால் யார்மவுத்தின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. ஜான் மன்னர் அவ்வூருக்குப் பட்டயம் தந்தது 1208இல். மதில் கட்டிக்கொள்ள மூன்றாம் ஹென்றி அனுமதித்தது 1261இல். மதில் எழும்பும் முன்பே அது பரோ ஆகிவிட்டது. ஆகவே பரோவுக்கு உயிர் பட்டயம்தான், மதில் அல்ல.

அவ்வூரின் சின்னத்தைப் பாருங்கள். மூன்று உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்பாதி அரசரின் பொன்னிறச் சிங்கம், பின்பாதி வெள்ளி ஹெர்ரிங் மீனின் வால். மீன் பிடித்துப் பிழைத்த ஊர், அரசர் தந்த உரிமை. பரோ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல படவிளக்கம் நான் பார்த்ததில்லை.

சரி, பேரூராட்சி என்பதில் என்ன தவறு? நமக்கு அது ஒரு படிநிலை. ஊராட்சிக்கு மேலே, நகராட்சிக்குக் கீழே. பரோ படிநிலையே அல்ல, ஒரு தகுதிப் பெயர். 1889 முதல் யார்மவுத் 'கவுன்டி பரோ'வாக இருந்தது. அதாவது, நம் மாவட்டம் போன்ற நார்ஃபோக் கவுன்டியின் மன்றத்துக்குக் கட்டுப்படாமல் தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டது. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தத் தனியுரிமை போயிற்று. சுற்றுவட்டாரக் கிராமங்களையும் சேர்த்துப் புதிய ஆட்சிப் பகுதி ஒன்று அமைந்தது. பரோ என்ற பெயர் அதற்கும் கிடைத்தது. இன்று குப்பை அள்ளுவது, வீட்டுவசதி, கட்டட அனுமதி ஆகியவை பரோ மன்றத்தின் பொறுப்பு. பள்ளிகளும் சாலைகளும் நாரிச்சில் இருக்கும் கவுன்டி மன்றத்தின் கையில். பக்கத்தில் உள்ள வடக்கு நார்ஃபோக்கின் மன்றத்துக்கும் இதே அதிகாரம்தான், பரோ என்ற பெயர் மட்டும் இல்லை. 'நகராட்சி' என்று மாற்றினாலும் இதே சிக்கல்தான்.

இன்னொரு கட்டுரையில் '1867இல் யார்மவுத் பேரூராட்சி கலைக்கப்பட்டது' என்று இருந்தது. கலைக்கப்படவே இல்லை. தேர்தலில் லஞ்சம் புரண்டதால், நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமையைத்தான் அந்த ஆண்டுச் சட்டம் பறித்தது. தேர்தல் தொகுதிக்கும் அங்கே பரோ என்றே பெயர். உள்ளூர் ஆட்சியாகிய பரோ தொடர்ந்து நடந்தது. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டினால் வரலாறே இப்படிப் பிழையாகிவிடும். ஆண்டைப் பார்த்து, அந்த ஆண்டில் அந்த மன்றம் என்ன செய்தது என்று கேட்டுவிட்டு மொழிபெயர்த்தால் என்ன?

1974க்கு முந்தைய ஊர்களுக்குப் 'பட்டயநகர்' என்பதே பொருத்தம் என்பேன். பட்டயக் கணக்கர் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், செப்புப் பட்டயமும் நமக்குப் பழகியது. கிராமங்களையும் உள்ளடக்கிய இன்றைய அமைப்புக்கு 'பரோ மன்றம்' என்றே எழுதலாம். தனித்தமிழ் அன்பர்கள் வருந்தலாம். ஆனால் லண்டனில் வாழும் தமிழர்களே அதைக் 'கவுன்சில்' என்றுதான் சொல்கிறார்கள், அவர்களுக்கு அது தெளிவாகவும் இருக்கிறது.

அந்தச் செய்தியில் இப்படி இருந்திருக்கலாம்: 'கிரேட் யார்மவுத் பரோ மன்றத்தின் எல்லைக்குள் உள்ள ஹெம்ஸ்பி கிராமம்.'