முகூர்த்த நேரத்துக் கிரெயின்ஸ்: கேமரா பாடியை மாற்றினால் போகுமா?

“அதிகாலை முகூர்த்தம். மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை. படம் வெளிச்சமாக வர ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினேன். தாலி கட்டும் படமெல்லாம் ஒரே கிரெயின்ஸ், புள்ளி புள்ளியாக. கடன் வாங்கி ஃபுல் ஃப்ரேம் பாடி எடுத்துவிடட்டுமா?” கல்யாண போட்டோகிராபரான வாசகர் ஒருவரின் கேள்வி இது. சென்சார் என்பது ஒளியைப் பிடிக்கும் சில்லு; ஃபுல் ஃப்ரேமில் அது பெரிது, கிராப்பில் சிறிது. அவர் கையில் இருப்பது கிராப் சென்சார் கேமராவும் அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும்.

(விடியாத நேரம் பார்த்துத்தான் பஞ்சாங்கம் முகூர்த்தம் குறித்துத் தருகிறது. பத்து மணி வெளிச்சத்தில் கட்டினால் தாலி அவிழ்ந்தா போய்விடும்? இது என் கட்சி. சரி, அதை விடுவோம்.)

ஒளி ஃபோட்டான் எனும் நுண்துகள்களாக வருகிறது, சென்சாரின் சிலிக்கான் அதை எலக்ட்ரான்களாக்குகிறது, கேமரா அதை அளக்கிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் ஒளி கூடாது. வந்த சிக்னல்தான் பெரிதாகும்.

இனிதான் விஷயமே. ஃபோட்டான்கள் வரிசையில் நின்று வருவதில்லை. தூறல் தொடங்கியதும் மொட்டைமாடித் தரையைப் பாருங்கள்: ஒரு ஓட்டில் மூன்று துளி, பக்கத்து ஓட்டில் ஏழு. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி முழுக்க ஒரே வெளிச்சம்தான் விழுகிறது. ஆனாலும் அடுத்தடுத்த பிக்சல்களுக்குக் கிடைக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. இந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்பதற்கு அழகான ஒரு விதி உண்டு: எண்ணிக்கையின் வர்க்கமூலம். சராசரியாக 100 ஃபோட்டான் வரும் இடத்தில் 10 கூடும், குறையும். அது 10 சதவீதம், கண்ணில் உறுத்தும். 10,000 வந்தால் 100 கூடும், குறையும். வெறும் 1 சதவீதம். எலக்ட்ரான் ஓட்டத்தில் இதே சலசலப்பை ஜெர்மன் இயற்பியலாளர் வால்டர் ஷாட்கி 1918லேயே விளக்கிவிட்டார். ஆக, ஒரு குறையும் இல்லாத கேமராவைச் செய்தாலும் அதில் இந்தப் புள்ளிகள் தெரியும். அவை ஒளியின் குணம். அதிக ஃபோட்டான் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எதில் அதிகம் பிடிக்கலாம்? ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ., கிராப் சுமார் 23.5×15.6. ஒரே அபெர்ச்சரில் (லென்ஸின் திறப்பு), ஒரே ஷட்டர் நேரத்தில் பெரியது ஏறக்குறைய 2.3 மடங்கு ஒளி வாங்கும். இனி லென்ஸ்: எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. கிட் லென்ஸோ 55 மி.மீ.யில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 மாட்டினால் ஒன்பது மடங்குக்கும் மேல். பாடியின் விலையில் சிறு பங்குதான் அந்த லென்ஸுக்கு. தவிர, கிட் லென்ஸ் போடும் பிம்பம் ஃபுல் ஃப்ரேமை மூடாது, அதற்கு வேறு லென்ஸ் வாங்க வேண்டிவரும்.

ஒரு சிக்கல் உண்டு. 1.8இல் ஃபோகஸ் ஆழம் மெலிந்துவிடும்: பொண்ணு முகம் கூர்மை, மாப்பிள்ளை மங்கல். எஃப் 2.8இல் வையுங்கள், அப்போதும் நான்கு மடங்கு மிச்சம்.

இன்றைய கேமராக்களிலும் செல்போன்களிலும் இருக்கும் சிமாஸ் (CMOS) வகை சென்சாருக்கு 1990களில் வழி போட்டது நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபாசமின் குழு. விண்கலத்துக்குச் சின்னதாக, கரண்ட் குறைவாக இழுக்கும் கேமரா வேண்டியிருந்தது. ராக்கெட்டுக்குக் கொட்டும் காசு வீண் என்பவர்கள், செல்ஃபி எடுக்கும்போதாவது இதை நினைக்கலாம்.

பாடியை மாற்றக் காரணம் வேண்டுமானால், உங்கள் கேமராவில் எத்தனை மெமரி கார்டு ஸ்லாட் என்று பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது: கெட்டிமேளம் கொட்டும்போது கார்டு மக்கர் பண்ணினால், இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியாது.