மோட்டார் போட்டால் மங்கும் பல்பும் வால்வு ஆம்ப்ளிபயரும்

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "300பி வால்வு போட்ட ஆம்ப்ளிபயர் ஒன்று, இ.எல்.34 போட்டது ஒன்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. எது நன்றாகப் பாடும்?" எந்த ஸ்பீக்கரில் கேட்கப் போகிறார் என்பதை எழுதாமல் விட்டுவிட்டார். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

வால்வு வேலை செய்யும் விதம் பள்ளிப் பாடம்தான். காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் குமிழ். சூடேறிய கேத்தோடு எலக்ட்ரான்களை வெளியே விடும், பிளேட் அவற்றை இழுக்கும், நடுவில் இருக்கும் கிரிட் ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். 1906-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் லீ டி ஃபாரஸ்ட் இந்தக் கிரிட்டை நுழைத்ததிலிருந்து கதை தொடங்குகிறது. 300பி இந்த எளிய ட்ரையோடு வகை. 1938-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கொண்டுவந்தது. தனியாக ஒரு வால்வு ஓடினால் 8 வாட் கிடைக்கும், அவ்வளவுதான். இ.எல்.34 இன்னும் இரண்டு கிரிட் கூடிய பென்டோடு வகை. பெரும்பாலும் இரண்டை ஜோடி சேர்த்து, ஒன்று தள்ள ஒன்று இழுக்க ஓட்டுவார்கள். சுமார் 35 வாட் கிடைக்கும்.

வால்வின் இனிமைக்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஹார்மோனிக்ஸ். ஒற்றை வால்வு, உள்ளே வரும் சுருதியோடு அதன் இரண்டு மடங்கு அதிர்வெண்ணையும் கொஞ்சம் கலந்து அனுப்பும். ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் சேர்வதால் காதுக்கு உறுத்தாது. உண்மைதான். ஆனால் ஜோடியாக ஓடும் வால்வுகளில் இந்த இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது மூன்று மடங்கு, அதாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். அப்படியும் அந்த ஆம்ப்ளிபயர்களைக் கேட்டு "ஆகா, வால்வு!" என்று உருகுகிறவர்கள் உண்டு. ஆக, வேறு ஏதோ நடக்கிறது. அந்த வேறு ஏதோவைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கிராமத்தில் லைன் கடைசியில் இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டாரைப் போட்டதும் கூடத்துப் பல்பு மங்கும். மோட்டாரை நிறுத்தினால் பளிச்சென்று எரியும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடு வரை வரும் கம்பியின் மின்தடைதான் காரணம். எப்போது அதிக மின்னோட்டம் கேட்கிறோமோ, அப்போது வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும்.

ஆம்ப்ளிபயருக்குள்ளும் இப்படி ஒரு மின்தடை உண்டு. 300பி-யின் உள்தடை சுமார் 700 ஓம், ஸ்பீக்கரோ 8 ஓம். நேரடியாக இணைத்தால் எதுவும் தேறாது. அதனால் நடுவில் ஒரு அவுட்புட் டிரான்ஸ்பார்மர். 21 சுற்றுக்கு ஒரு சுற்று என்று சுற்றினால், மின்தடை 21-இன் வர்க்கம், அதாவது 441 மடங்கு குறைந்து தெரியும். 700 ஓம் ஒன்றரை ஓம் ஆகிவிடும். டிரான்ஸ்பார்மர் கம்பியின் சொந்தத் தடையும் சேர்ந்து, மொத்தம் 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில் இது 0.1 ஓம்கூட இருக்காது.

இனி ஸ்பீக்கர் பக்கம் வாருங்கள். பின்னால் 8 ஓம் என்று ஒட்டியிருப்பது ஒரு மரியாதைக்கு. உள்ளே இருக்கும் சுருள் காந்தத்துக்கு நடுவில் ஆடும்போது, அதுவே ஒரு குட்டி ஜெனரேட்டராகி எதிர் வோல்டேஜ் தரும். கூம்பு தன் இயல்பான அதிர்வெண்ணில் தாராளமாக ஆடும் இடத்தில், பெரும்பாலும் பாஸ் எனும் தாழ்ந்த ஒலிப் பகுதியில், அந்த எதிர்ப்பு மிக அதிகம். அங்கே 30 ஓம் காட்டும் அதே ஸ்பீக்கர், இன்னோர் அதிர்வெண்ணில் 6 ஓமுக்கு இறங்கிவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3 ஓம் ஆம்ப்ளிபயரில், 6 ஓம் இடத்தில் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்வது 67 சதவீத வோல்டேஜ். 30 ஓம் இடத்தில் 91 சதவீதம். வித்தியாசம் 2.7 டெசிபெல்! பாஸ் அங்கே தானாகப் புடைத்துக்கொள்கிறது. 0.1 ஓம் டிரான்சிஸ்டரில் இதே வித்தியாசம் 0.1 டெசிபெல்தான், காதுக்கே எட்டாது. அதாவது வால்வு ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கரின் மின்தடை ஏற்ற இறக்கத்தை அப்படியே பாட்டின் மேல் வரைந்துவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி அடி கொஞ்சம் தடித்து, அடித்த பிறகும் ஒரு நொடித்துளி நின்று கேட்கிறதே, அந்த 'வெதுவெதுப்பு' இங்கிருந்துதான் வருகிறது.

ஒரே 300பி ஆம்ப்ளிபயரை இரண்டு வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் தேன். இன்னொரு வீட்டில் குழைந்துபோன சோறு.

இ.எல்.34-இன் கதை வேறு. பென்டோடின் உள்தடை ஆயிரக்கணக்கான ஓம், அப்படியே விட்டால் நிலைமை இன்னும் மோசம். அதனால் வெளியே போகும் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்து, உள்ளே வருவதோடு எதிராகச் சேர்ப்பார்கள். 1927-இல் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது அமெரிக்கப் பொறியாளர் ஹரோல்ட் பிளாக்குக்குத் தோன்றி, கையிலிருந்த செய்தித்தாளிலேயே வரைந்துவைத்த யோசனை அது. அந்தப் பின்னூட்டம் உள்தடையை ஒரு ஓமுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். அப்படிச் செய்த இ.எல்.34 ஆம்ப்ளிபயர், டிரான்சிஸ்டருக்கு ஓரளவு நெருங்கிய சொந்தம்.

1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களிடம் ஒரு சவால் விட்டார். அவர்கள் மெச்சிய விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிபயரையும் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரையும் ஒரே பாட்டில் ஓட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சம் கேட்கும் ஒலி அடங்கும்வரை தன்னுடையதைத் திருத்தினார். கடைசியில் அந்தப் பழகிய காதுகளாலும் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், கேபிளைத் தரையிலிருந்து தூக்கிவைக்கும் கட்டை, ஐம்பது வருடப் பழைய பெட்டியோடு வரும் வால்வு என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். திருஷ்டிக்குக் கட்டும் எலுமிச்சம்பழமாவது பத்து ரூபாயோடு போகும். ஒலியளவைச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுப் பார்க்கச் சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடுகிறது. வால்வின் ஆரஞ்சு வெளிச்சம் எனக்கும் பிடிக்கும், அதற்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. வெளிச்சத்துக்குத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் சரி.

வாசகருக்கு: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 3.3 ஓம், 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்குங்கள். உங்களிடம் இப்போது இருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக ஸ்பீக்கர் வயரில் தொடராகச் சேருங்கள். 300பி ஆம்ப்ளிபயரின் 3 ஓம் தடையை இது நடித்துக் காட்டும். அப்புறம் மிதமான ஒலியில் ஒரு வாரம் கேளுங்கள். ரெசிஸ்டர் சுடும், திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். பிடித்திருந்தால் 300பி-க்குப் போகலாம், 8 வாட் உங்கள் ஸ்பீக்கருக்குப் போதுமானால். குழைந்த சோறாக இருந்தால் இ.எல்.34. எதை வாங்கினாலும் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட் ஓடும், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் காத்திருக்கும்.