மாடுலர் வீடு: 'அலகு வீடு' என்று சொல்வோம்

மாடுலர் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சமையலறைதான். தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாகச் செய்து கொண்டுவந்து வீட்டில் பொருத்திவிட்டுப் போவார்கள். முழு வீட்டையும் அப்படிச் செய்தால் அது மாடுலர் வீடு.

சொல்லின் வேர் லத்தீன். 'மோடுஸ்' என்றால் அளவு, 'மோடுலுஸ்' என்றால் சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், டோரிக் என்ற கிரேக்கப் பாணிக் கோயிலின் தூணுக்குத் தடிமன் 2 மோடுலுஸ், உயரம் 14 என்று கணக்குச் சொன்னார். பெட்டி, தொழிற்சாலை என்ற பொருளெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை.

தமிழில் 'மாட்யூல்' என்பதைக் 'கூறு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. மீனைக் கூறு போடுகிறோம், சொத்தைக் கூறு போடுகிறோம். முழுதாக இருப்பதைப் பிரித்தால் வருவது கூறு. இங்கே நடப்பதோ சேர்ப்பு. 'அலகு' என்ற சொல்லில் அளவும் இருக்கிறது, எண்ணிக்கையும் இருக்கிறது. செய்யுளை அசை, சீர் என்று அளந்து பார்ப்பதற்கு அலகிடுதல் என்றுதானே பெயர்? நேர், நிரை என்று அடிப்படை அசை இரண்டுதான். அவை சேர்ந்து சீராகி, சீர் சேர்ந்து அடியாகி, வெண்பாவும் பிறக்கிறது, ஆசிரியப்பாவும் பிறக்கிறது. அலகு ஒன்றானால் வீடுகளெல்லாம் ஒரே அச்சாக இருக்குமே என்று பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

லண்டனில் லூயிஷம் கடைவீதியைப் பாருங்கள். (ஹை ஸ்ட்ரீட்டை 'உயர் தெரு' ஆக்கிவிட வேண்டாம், கடைவீதி நம்மிடம் இருக்கிறது.) அங்கே லேடிவெல் பொழுதுபோக்கு மையத்தை இடித்தபின் மனை சும்மா கிடந்தது. 2016இல் அதில் 24 அலகு வீடுகள் எழுந்தன, வீடற்ற குடும்பங்களுக்காக. வடிவமைத்தது ரோஜர்ஸ் ஸ்டிர்க் ஹார்பர் நிறுவனம். கீழ்த்தளத்தைக் கடைகளுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் விட்டதால் வீதியின் நடமாட்டம் அறுபடவில்லை. வீடுகளின் பரப்போ விதிமுறை கேட்கும் அளவைவிட 10 சதவீதம் அதிகம். மனை வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் கழற்றி இன்னோர் இடத்தில் நிறுத்தும்படி வடிவமைத்தார்கள். 'தற்காலிக வீடு' என்று இதை எழுதுவது அநியாயம். அந்த மனையில் தங்குவதுதான் தற்காலிகம்.

முன்வார்ப்புக் கட்டடத்தோடும் இதைக் குழப்பக் கூடாது. அதில் சுவரும் தளமும் தனித்தனியாக வந்து, மனையில் அறையாகச் சேரும். அலகு வீட்டில் அறையே முழுசாக லாரியில் வந்து இறங்கும்.