டெக்சாஸில் மாவட்ட நீதிபதி ஆவது எப்படி?

டெக்சாஸில் கொலை வழக்கு, விவாகரத்து, நிலத்தகராறு எல்லாம் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் வரும். அங்கே தீர்ப்புச் சொல்பவர் 4 ஆண்டுக்கு ஒருமுறை மக்களிடம் ஓட்டுக் கேட்டாக வேண்டும். அதுவும் கட்சி வேட்பாளராக. வாக்குச்சீட்டில் அவர் பெயரோடு கட்சியின் பெயரும் இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘கவுண்டி ஜட்ஜ்’ என்பவர் வேறு. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும் ஓர் உள்ளாட்சிப் பகுதி; அவர் அதன் நிர்வாகத்தின் தலைவர். வரவு செலவுத் திட்டம், புயல் நிவாரணம் போன்றவை அவர் வேலை. சட்டப்படிப்புகூடக் கட்டாயமில்லை. இந்தப் பதிவு மாவட்ட நீதிபதியைப் பற்றியது மட்டும்.

அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், டெக்சாஸ் வழக்கறிஞர் உரிமம் வேண்டும், போட்டியிடும் நீதிமன்ற எல்லைக்குள் 2 ஆண்டு வசித்திருக்க வேண்டும். டெக்சாஸில் வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ இருந்த அனுபவம் முன்பு 4 ஆண்டு போதும். 2021 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம் அதை 8 ஆண்டாக்கியது. 2025 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் பதவிக்காலத்துக்கு முதன்முறை வருபவர்களுக்கு இது பொருந்தும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் போட்டியிடவும் முடியாது, வாக்களிக்கவும் முடியாது.

பிரைமரி எனும் உட்கட்சித் தேர்தல் இரட்டைப்படை ஆண்டின் மார்ச் முதல் செவ்வாயன்று நடக்கும். அதற்கான மனுவை முந்தைய டிசம்பரின் இரண்டாவது திங்கள் மாலை 6 மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். நீதிமன்ற எல்லை ஒரே கவுண்டிக்குள் அடங்கினால் கட்சியின் கவுண்டித் தலைவரிடம். பல கவுண்டிகளில் பரவியிருந்தால் மாநிலத் தலைவரிடம். கட்டணம் 1,500 டாலர், மிகப் பெரிய கவுண்டிகளில் 2,500. பணம் வாங்கும் முன்பே, செலவழிக்கும் முன்பே, பிரசாரப் பொருளாளரை நியமித்து டெக்சாஸ் நெறிமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது கையெழுத்தில். மக்கள்தொகை 15 லட்சத்தைத் தாண்டிய கவுண்டியில் (ஹாரிஸ், டாலஸ், டாரன்ட், பெக்ஸார்) கட்டணம் கட்டினாலும் 250 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். முகவரி விட்டுப்போனால், தேதி இல்லாவிட்டால், கையெழுத்திட்டவர் அந்த எல்லைக்குள் பதிவு செய்த வாக்காளர் இல்லையென்றால் அந்த வரி செல்லாது. எந்த நீதிமன்றம் என்ற எண்ணைத் தாளின் தலைப்பில் எழுதாமல் விட்டால் முழுத் தாளுக்கும் ஆபத்து. எதிராளியின் வக்கீல் இதையெல்லாம் ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். விவரம் தெரிந்தவர்கள் 250க்கு 400 வாங்கி வைப்பார்கள்.

ஒரு கட்சி பலமாக உள்ள கவுண்டியில் உண்மையான போட்டி மார்ச்சிலேயே முடிந்துவிடும். டெக்சாஸில் வாக்காளர் கட்சி உறுப்பினராகப் பதிய வேண்டியதில்லை. எந்தப் பிரைமரியில் வாக்களிப்பது என்று அன்றே முடிவு செய்யலாம். ஆனால் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு வராமல் மே மாதம் மறுவாக்கெடுப்பு வந்தால் அப்போது கட்சி மாற முடியாது. கேரளத்தின் காசர்கோட்டில் பிறந்து, இளமையில் பீடி சுற்றி, 2007இல் ஹூஸ்டன் வந்த சுரேந்திரன் பட்டேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் 240ஆவது மாவட்ட நீதிமன்றத்துக்கு அவர் நின்றபோது, பதவியில் இருந்த நீதிபதியை வென்றது 2022 மார்ச் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில். நவம்பரிலும் வென்று 2023 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

நவம்பர் தேர்தலில் வேறொரு சிக்கல். ஹாரிஸ் கவுண்டி வாக்குச்சீட்டில் நீதிபதிகள் வரிசை மட்டுமே பக்கம் பக்கமாகப் போகும். முன்பு ஒரே பொத்தானில் கட்சி முழுவதுக்கும் வாக்களிக்கலாம். 2018இல் அங்கே குடியரசுக் கட்சி நீதிபதிகள் கூண்டோடு போனார்கள். 17 கறுப்பினப் பெண்கள் வென்றார்கள். நல்ல நீதிபதியும் அலையில் அடித்துச் செல்லப்படுவார், திறமையற்றவரும் கரையேறிவிடுவார் என்பதே இந்த முறையின் பெரிய குறை. அந்தப் பொத்தானை 2020 முதல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சலித்துப்போய்க் கடைசிப் பக்கங்களை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

நிலுவையில் உள்ள வழக்கில் இப்படித் தீர்ப்பளிப்பேன் என்று வேட்பாளர் வாக்குறுதி தரக்கூடாது. நன்கொடைக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனாலும் கொடுப்பவர்களில் பலர் அதே நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்கள்தான், அதை மறைப்பதற்கில்லை.

இடையில் பதவி காலியானால் ஆளுநர் நியமிப்பார்; மாநில செனட்டின் ஒப்புதல் வேண்டும். அப்படி வந்தவரும் அடுத்த பொதுத்தேர்தலில் மக்களைச் சந்திக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 1,75,000 டாலர். அதற்கு முன் 1,40,000. 75 வயது நிறையும் பதவிக்காலம் முடிந்ததும் விலக வேண்டும். அதை 79 ஆக்கும் திருத்தத்தை 2023இல் வாக்காளர்களே நிராகரித்தார்கள்.