ஒழுகும் படகும் ஊறும் பலகையும்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றியதும் அப்பாவின் பழைய மரப்படகைக் கரையேற்றி, இரண்டு மாதம் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தோம். நன்றாக ஓடிய படகு. இப்போது பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது. கண்ணூறு என்று வெண்பூசணி உடைக்கச் சொல்கிறார்கள். புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தால் போதாதா?”

வெயில் செய்ததைக் கண்ணூறின் தலையில் கட்டுவானேன்? புட்டிக்கும் அவசரப்பட வேண்டாம்.

மழைக்காலத்தில் லயத்து வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் செல் சுவர்களில் இருக்கும் செல்லுலோஸ் இழைகளுக்கு நீர் என்றால் அத்தனை ஆசை. நீர் மூலக்கூறுகள் அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து ஒட்டிக்கொண்டு அவற்றை விலக்குகின்றன; பலகை பருக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் நீர் ஏறும்வரை இது நடக்கும். அதற்குமேல் வரும் நீர் செல்லின் வெற்றிடத்தில் சும்மா தேங்கும், பலகை பருக்காது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பருப்பதில்லை என்பதுதான். இழைகள் நீளவாக்கில் கிடப்பதால் பலகையின் நீளம் அநேகமாக மாறாது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில்தான் அதிகம் பருக்கும். வளையங்களுக்குக் குறுக்கே அதில் பாதியளவு. அதனால் ஆறு அங்குல அகலப் பலகை, காய்ந்த நிலையிலிருந்து ஊறும்போது மூன்று, நான்கு மில்லிமீற்றர் அகலலாம். உங்கள் படகில் தெரியும் வெளிச்சத்தின் அகலம் அவ்வளவுதானே?

அந்த இடைவெளியில் கல்லாய் இறுகும் புட்டியை வைத்தால் என்ன ஆகும்? மண்வெட்டி காம்பில் ஆடினால் தண்ணீர் வாளியில் போட்டு வைக்கிறோம். காம்பு பருத்து இறுகுகிறது. ஆனால் இரும்பு வளையம் இடம் தராததால் மர இழைகள் தமக்குள்ளேயே நசுங்கிவிடுகின்றன. காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடுகிறது. படகுப் பலகைக்கும் அதே கதி. நசுங்க இடமில்லாவிட்டால் ஆணியைப் பிடுங்கும், உள்ளே விலா எலும்பு போலப் பலகைகளைத் தாங்கும் வங்குக்கால்களையும் முறித்துவிடும்.

ஆகவே முதலில் ஈரச் சாக்குகளைப் போர்த்தி, சில நாள் ஊறவிட்டு, இடைவெளி ஒடுங்குகிறதா என்று பாருங்கள். கூரான ஆணியால் குத்தும்போது மெத்தென்று இறங்கும் பலகை உளுத்தது. அதைத் தச்சுவேலை பாஸிடம் கொடுத்து மாற்றுங்கள். பிறகு மேற்பரப்பு காயட்டும். இணைப்புகளில் பருத்திநூலை லேசாகத் திணித்து, இறுகாத மெழுகுப் பதத்திலான பூச்சை வையுங்கள். பூச்சு பலகை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பலகை பருக்கும்போது அது தானே வெளியே தள்ளப்படும்.

தேய்ப்பது எளிது. மேடுகளைச் சீவுளியால் சீவி, மணல்தாளை இழை ஓடும் திசையிலேயே இழுங்கள். ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் நசுங்கிய இழைகள் முள்ளாய் எழும்பும். காய்ந்ததும் மறுபடி தேய்த்துப் பெயின்ட் அடியுங்கள். மாலையில் சாய்வெயில் படும்போது உள்ளங்கையால் தடவினால் பள்ளம் மேடு தெரிந்துவிடும்.

தேயிலைக்குத் தலவாக்கலையில் ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. நம் நீர்த்தேக்கங்களில் மிதக்கும் மரத்துக்கு ஒரு சிறு அறையாவது ஒதுக்கினால் என்ன என்று நான் பலமுறை முணுமுணுத்ததுண்டு.

தண்ணீரில் இறக்கும் முதல் நாள் படகு நிச்சயம் ஒழுகும். ஆழத்துக்குப் போகாமல், கரையோரமாகக் கட்டி வைத்து, வாளியுடன் காத்திருங்கள். வெண்பூசணிக் காசில் இன்னொரு வாளி வாங்கிக்கொள்ளலாம்.